வளையம் மாட்டுவது வதையா?

கேள்வி: கோடியக்கரையில், கைக்குள் அடங்கும் ஒரு குருவியை வலையில் பிடித்துக் காலில் வளையம் மாட்டுவதைப் பார்த்தேன். பாவம், அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பறவைகளைக் காப்பாற்ற நாலு மரம் நட்டால் போதாதா? இந்த வதை எதற்கு?
– வாசகர் ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: அந்தப் படபடப்பு உண்மைதான். பறவைக்குப் பயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வலையில் சாவும் உண்டு. அமெரிக்கா, கனடாவில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் 22 அமைப்புகளின் பதிவேடுகளை வைத்து 2011-இல் கணக்குப் பார்த்தார்கள். பிடிபட்டதில் ஆயிரத்துக்கு 2 அல்லது 3 இறந்திருந்தன. பழகாத கை என்றால் இது கூடும். அதனால்தான் பயிற்சியும் அனுமதியும் இல்லாத ஒருவர் வலை கட்டவே கூடாது என்கிறேன்.

அந்த வளையத்தில் ஒரு எண் இருக்கும். அதே பறவை மறுபடி எங்கே கிடைத்தாலும் இன்னதென்று அதை வைத்து அடையாளம் தெரியும். சரி, மரம் நடலாம். எங்கே நடுவீர்கள்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா காடுகளில் வுட் த்ரஷ் என்று ஒரு பறவை இருக்கிறது. புல்லாங்குழல் மாதிரிப் பாடும். குளிர்காலத்தில் அது எங்கே போகிறது என்று பறவை ஆராய்ச்சியாளர் பிரிட்ஜெட் ஸ்டட்ச்பரி 2007-இல் தேடிப் பார்த்தார். சூரியன் உதிப்பதையும் மறைவதையும் பதிவு செய்யும் சின்னக் கருவியை 14 வுட் த்ரஷ்களின் முதுகில் கட்டினார். அந்தக் கருவி செய்தி அனுப்பாது. அதே பறவையை மறு வருஷம் திரும்பப் பிடித்தால்தான் உண்டு. 5 கிடைத்தன. ஐந்தும் போயிருந்தது ஹோண்டுராஸ், நிகரகுவா பக்கம் ஒரு குறுகிய பட்டைக்குள். அங்கே காடு அழிந்தால், பென்சில்வேனியாவில் ஆயிரம் மரம் வைத்தும் அந்தப் பாட்டு நின்றுபோகும். கூடவே கருவி கட்டிய பர்ப்பிள் மார்ட்டின் (நம் தகைவிலான் குடும்பம்தான்) ஒன்று அமேசானிலிருந்து 13 நாளில் சுமார் 7,500 கிலோமீட்டர் பறந்து ஊர் திரும்பியிருந்தது! பிடிக்காமல் இது எப்படித் தெரிந்திருக்கும்?

நீங்கள் இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் இதையும் பார்த்திருப்பீர்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து வரும்படி பறவையைப் பிடித்துக்கொண்டு, தொண்டைக்குழி இறகை வாயால் மெல்ல ஊதி விலக்குவார்கள். தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தால், தொடர்ந்து பறக்க அதற்குத் தெம்பு இருக்கிறது. குழி காலியாக இருந்தால், வந்த களைப்பு தீரவில்லை, அல்லது தங்கிய காடு சோறு போடவில்லை. சீமைக்கருவேலும் மரம்தான், கோடியக்கரைக்குள் அது புகுந்ததை வளர்ச்சி என்று யாரும் சொல்வதில்லை. எந்த மரம் வேண்டும், எது வேண்டாம் என்பதற்கு அந்தத் தொண்டைக்குழியும் ஒரு சாட்சி.

வளையத்தின் எடை பற்றிய கவலை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் முதலில் துத்தநாக வளையம் மாட்டிப் பார்த்து, கனம் அதிகம் என்று கைவிட்டார். அப்புறம் 1899-இல் 165 மைனாக்களுக்கு (அந்த ஊர் ஸ்டார்லிங்) அலுமினிய வளையம் போட்டார். இன்றும் சின்னப் பறவைகளுக்கு அலுமினியம்தான்.

வளையம் போட்ட பறவைகளில் மிகச் சில மட்டுமே மறுபடி யார் கண்ணிலாவது படுகின்றன. அந்தக் கண் உங்களுடையதாகவும் இருக்கலாம். உங்கள் தோட்டத்தில் ஒரு குருவி செத்துக் கிடந்தால் காலைப் பாருங்கள். வளையம் இருந்தால் எண்ணைப் படமெடுத்து, தேதியும் ஊரும் எழுதி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். உயிரோடு இருந்தால் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வளையத்தைக் கழற்ற வேண்டாம்.