நேராக இறக்கும்போது ட்ரோன் ஆடுவது

நேர் கீழே இறக்காதீர்கள். முன்னால் நகர்த்திக்கொண்டே சரிவாக இறக்குங்கள், ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஹட்டனில் தோட்டக் குடியிருப்பான லயத்து முற்றத்துக்கு வேகமாக இறக்கும்போது மட்டும் ஆடுகிறது, த்ரொட்டிலை (விசிறி வேகத்தை) கூட்டினாலும் தொப்பென்று விழப் பார்க்கிறது என்கிறீர்கள். மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம். விசிறிகள் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ட்ரோன் இறங்குகிறது. அந்தக் காற்று விசிறி நுனிகளைச் சுற்றி வளையமாக மேலேறித் திரும்ப உள்ளே வருவதால் தூக்குவிசை போய்விடுகிறது. இந்த நேரத்தில் த்ரொட்டிலைக் கூட்டினால் சுழல்தான் பலக்கும். 2000 ஏப்ரலில் அரிசோனாவில் 19 பேரோடு விழுந்த, இரு பக்கமும் சுழலி வைத்து ஹெலிகொப்டர்போல இறங்கும் ஆஸ்ப்ரே விமானமும் இப்படித்தான், மெதுவாக முன்னேறிக்கொண்டு மிக வேகமாக இறங்கியது. ஒரு பக்கச் சுழலி மட்டும் தூக்குவிசை இழக்க, கவிழ்ந்துவிட்டது.

காற்றில்லாத காலையில் 30 மீற்றரில் நிறுத்தி, ஒருமுறை நேராகவும் ஒருமுறை சரிவாகவும் இறக்கிப் பாருங்கள். தரைக்கு 10 மீற்றர் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். சரிவிலும் ஆடினால் விசிறியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும்: நுவரெலியா உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிது. அங்கே கொண்டுபோனால் கமரா, கூடுதல் பெட்டரி என்று பாரம் ஏற்றாதீர்கள். பின்னேரப் பள்ளத்தாக்குக் காற்றிலும் இந்தச் சோதனை வேண்டாம்.