விதிகளுக்குப் பதிப்புரிமை இல்லையென்றால் உரிமம் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டேபிள்டாப் ரோல்ப்ளேயிங் விளையாட்டுகள் (மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்தும் விளையாட்டுகள்) பற்றிய கட்டுரையில், விளையாட்டு விதிகளுக்கு அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அவ்வகையில் புகழ்பெற்ற டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குத் துணைநூல் வெளியிடும் சிறு பதிப்பகங்கள் உரிமம் ஒன்றை ஏன் ஏற்க வேண்டும்? 2023இல் அது மாறப்போகிறது என்றதும் ஏன் அவ்வளவு பதறினார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டி, இலக்கை எட்டினால் வெற்றி என்னும் முறை எவருக்கும் சொந்தமல்ல. ஆனால் அதை விளக்கும் வாக்கியங்களும் அரக்கர்களைப் பற்றிய வர்ணனைகளும் எழுதியவருக்குச் சொந்தம். முறை எங்கே முடிந்து எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் இரண்டு பேர் நடத்தும் பதிப்பகத்தின் கையிருப்பு வழக்கறிஞர் கட்டணத்திலேயே கரைந்துவிடும்.

டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2000இல் வெளியிட்ட ஓபன் கேம் லைசென்ஸ் என்ற உரிமம் போக்கியது இந்த அச்சத்தைத்தான். நிறுவனம் திறந்துவிட்ட விதித்தொகுப்பை ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம். நிபந்தனைகளை மீறாதவரை வழக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பதிலுக்கு, பிறருடைய வணிகச் சின்னத்தைச் சொல்லி 'இன்ன விளையாட்டுக்குப் பொருந்தும்' என்று அறிவிக்கமாட்டோம் என்று பதிப்பகங்கள் ஒப்புக்கொண்டன. சட்டம் அவ்வாறு குறிப்பிட இடம் தரக்கூடிய சூழலிலும் இந்தத் தடை உண்டு. பல துணைநூல்களின் அட்டையில் 'ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது' என்று மட்டும் இருப்பதன் காரணம் இதுவே. (எதன் ஐந்தாம் பதிப்பு என்று எந்த வாசகரும் கேட்டதாகத் தெரியவில்லை.)

2008இல் அந்த விளையாட்டின் நான்காம் பதிப்போடு வந்த புதிய உரிமம் இதைவிட இறுக்கமானது. பைசோ நிறுவனம் அதை ஏற்காமல், பழைய உரிமத்தின் பலத்தில் முந்தைய விதிகளையே வளர்த்தெடுத்து 2009இல் பாத்ஃபைண்டர் விளையாட்டை வெளியிட்டது.

2023 ஜனவரியில் கசிந்த, விசார்ட்ஸின் புதிய உரிம வரைவைப் பற்றிப் பேசியவர்களில் பலர், ஆண்டு வருவாயில் 7,50,000 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 25 சதவீத ராயல்டி என்ற ஷரத்தையே பிடித்துக்கொண்டார்கள். லாபத்தில் அல்லாமல் வருவாயில் கேட்டது கொடுமைதான், ஆனாலும் அந்த எல்லையை எட்டும் பதிப்பகங்கள் மிகச் சில. என் பார்வையில் சிறியவர்களைக் குலைத்தது, பழைய உரிமம் இனி அங்கீகரிக்கப்பட்டதல்ல என்ற அறிவிப்பு. பழைய உரிமத்தில் 'நிரந்தரமானது' என்று இருந்தது, 'திரும்பப் பெற இயலாதது' என்று இல்லை. அதன் ஒன்பதாம் பிரிவோ, 'அங்கீகரிக்கப்பட்ட' எந்த வடிவத்தையும் பயன்படுத்தலாம் என்றது. அந்த இடைவெளியில் நிறுவனம் நுழையப் பார்த்தது. அது செல்லுமா என்பது விவாதத்துக்குரியது, ஆனால் விவாதத்துக்குரியது என்றாலே மீண்டும் வழக்கறிஞர் வாசல்தான். உரிமத்தை ஏற்றதே அங்கே போகாமல் இருப்பதற்காக அல்லவா?

எதிர்ப்பு வலுத்ததால் அந்த மாதம் 27ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் 5.1 விதித்தொகுப்பை, படைப்புகளை எவரும் பயன்படுத்த அனுமதிக்கும் பொது உரிமமான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. திரும்பப் பெற இயலாது என்று அந்த உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூலத்தைக் குறிப்பிடுவதே அதன் முக்கிய நிபந்தனை. நீங்களே துணைநூல் எழுதுவதாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். தொகுப்பில் கொடுத்துள்ள நன்றிக்குறிப்பை எழுத்து மாறாமல் உங்கள் நூலில் அச்சிடுங்கள். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற அரக்கர்களின் விவரங்கள் அந்தத் தொகுப்பில் தரப்படவில்லை, ஆகவே அவற்றின் பக்கம் போக வேண்டாம்.