தகட்டின் மேல் அப்பா அடித்த சாயம்

கேள்வி: தாத்தா காலத்து பெட்ஃபோர்ட் டிகே லோரி ஒன்று வீட்டில் நிற்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்தில் கித்தாப்பால் ஏற்றிய லோரி. ஏதோ ஒரு தீபாவளிக்கு அப்பா கேபினுக்கு உள்ளும் புறமும் பச்சைச் சாயம் அடித்தபோது, அடையாள லேபிளின் மேலும் பிரஷை இழுத்துவிட்டார். எண் தெரியவில்லை. இப்போது பெயர் மாற்ற வேண்டும். லேபிளைப் படிக்க முடியாவிட்டால் லோரியைப் பறித்துக்கொள்வார்கள் என்கிறார், காசு வாங்கிக்கொண்டு வண்டிப் பத்திர வேலையை முடித்துத்தரும் ஒரு ரன்னர். 850 வெள்ளி கொடுத்தால் புதுத் தகடு அடித்துத் தருகிறாராம். சாயத்தை நானே எடுக்க முடியுமா? (ஒரு வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: முடியும், தம்பி. முதலில் அந்த 850 வெள்ளியைப் பத்திரமாக வையுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் வண்டிச் சோதனை நிலையத்தில் செய்யும் பி5 சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கிராண்ட்டோடு (வண்டியின் பதிவுப் பத்திரம்) ஒத்துப்போகிறதா என்பதைத்தான். சேசிஸ் இரும்பிலேயே எண்ணைக் குத்தியிருப்பார்கள். முப்பது வருடச் சேறும் கிரீஸும் மூடியிருக்கும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துத் தேடுங்கள். டிகேயில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்து மூடியைத் தூக்கினால் அந்த எண்ணையும் பார்த்துவிடலாம். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் லேபிள் வேலைக்கு அவசரமே இல்லை. அவசரம் ரன்னருக்குத்தான்.

புதுத் தகடு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். என் பட்டறைக்கு ஒரு லோரி வந்தது. ஏஜெண்ட் ஒருவர் பழைய தகட்டின் ரிவெட்டை அறுத்துக் குப்பையில் வீசிவிட்டு, லேசரில் வெட்டிய பளபள தகட்டை ஒட்டியிருந்தார். சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ‘ஓ’. துருப்பிடித்த கேபினில் அது தங்கப்பல் மாதிரி மின்னியது. பார்க்கிற எவருக்கும் ‘இது எங்கே திருடியது?’ என்றுதான் தோன்றும். அப்புறம் அந்த லோரிக்காரர் இந்தக் கவுண்டரில் கேட்டால் அந்தக் கவுண்டர், அங்கே கேட்டால் ‘கடிதம் கொண்டு வா’, கடிதம் கொண்டுபோனால் ‘இது யார் கொடுத்தது?’ என்று மாதக்கணக்கில் அலைந்தார். நேர்மையாக வந்தவனை இப்படி நடக்கவைத்தால் அவன் ரன்னரிடம் போகாமல் என்ன செய்வான்? ஏஜெண்ட் அதற்குள் போன் நம்பரை மாற்றிவிட்டார். எண்ணைத் திருத்துவது குற்றம். மாட்டிக்கொள்வது லோரி யார் பேரில் இருக்கிறதோ அவர்.

இன்னொரு தந்திரமும் உண்டு. இன்றைய வண்டிகளில் 17 எழுத்தும் எண்ணுமாக வரும் முறை 1980களில்தான் பரவலானது. உங்கள் லோரியின் எண் அதைவிடக் குட்டையாக இருக்கலாம். ‘எண் குறைகிறது, சரிசெய்ய இன்னொரு 200’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, சாயத்துக்கு வருவோம். லேபிள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தகடா, ஒட்டியதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கையில் எதையும் எடுக்காதீர்கள். மூலைகளில் ரிவெட்டின் குமிழ் தடவிப் பார்த்தால் தெரியும். குமிழ் இருந்தால் தகடு. குமிழே இல்லாமல் ஓரம் நகத்தில் மெல்லியதாகத் தட்டுப்பட்டால் அது காகிதமோ ஃபாயிலோ பிளாஸ்டிக்கோ, ஒட்டியது. ஒட்டியதாக இருந்தால் கீழே நான் சொல்லும் எதுவும் உங்களுக்கு இல்லை. திரவம் என்ற பெயரில் எதைத் தொட்டாலும் அப்பாவின் பச்சையோடு எழுத்தும் கோந்தும் சேர்ந்து வந்துவிடும். ‘கொஞ்சமாகத்தானே’ என்று பஞ்சால் ஒற்றினாலும் வரும். ‘தண்ணீர்தானே’ என்று நனைத்தாலும் காகிதம் ஊறிவிடும். உலர்ந்த சாயம் தானாக உரிந்து நின்றால் அந்தச் செதிலை மட்டும் நகத்தால் தட்டுங்கள். உரியவில்லையா, படம் எடுத்து வைத்துவிட்டு அப்படியே விடுங்கள். ஒட்டியதை மட்டும் தொடாதீர்கள் என்று பட்டறையில் வந்து நின்று கேட்பவர்களிடமும் மூன்று தடவை சொல்வேன். இரண்டு பேர் கேட்க மாட்டார்கள்.

தகடுதானா? நல்லது. எதையும் தேய்ப்பதற்கு முன் இரவில் கேபினுக்குள் ஏறி, டார்ச் லைட்டைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். குத்திய எண் நிழலில் எழுந்து வரும். வரவில்லையென்றால் மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். சின்ன வயதில் காசை வைத்துத் தேய்ப்போமே, அதேதான். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அப்பா அடித்தது சாதாரண எனாமல் என்றால் பிரேக் எண்ணெய் போதும். டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 வாங்காதீர்கள். அது சிலிகான், சாயத்தை ஒன்றும் செய்யாது. கடைக்காரர் ‘இதுதான் உசத்தி’ என்று அதைத்தான் கையில் திணிப்பார். தகட்டைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல சாயமும் போகும். எண் இல்லாத ஒரு மூலையில் சிறு பஞ்சை நனைத்து வைத்து அரை மணிக்கொருமுறை பாருங்கள். பச்சை சுருங்கித் தோல் மாதிரி கிளம்பும். அதைச் சாத்தே குச்சியின் மழுங்கிய முனையால் ஓரத்திலிருந்து தள்ளுங்கள். கம்பி வேண்டாம், கத்தி வேண்டாம். பஞ்சில் பச்சை மட்டும் ஏறினால் தொடரலாம். கறுப்போ சிவப்போ தெரிந்தால் அது தகட்டின் சொந்த அச்சு. அந்த நொடியே நிறுத்திச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். எண் படிக்க வந்தாலும் நிறுத்துங்கள். பள்ளத்தில் மிச்சமிருக்கும் பச்சை இருக்கட்டும், அதனால் எண் இன்னும் தெளிவாகத்தான் தெரியும்.

தின்னர் வேகமானது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அலுமினியத் தகட்டைக் காஸ்டிக் சோடா கரைத்தே விடும். அடுப்பு கழுவும் ஸ்பிரே பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. கித்தாப்பால் உறைய வைக்கும் அசிட்டை ஊற்றலாம் என்று ஒரு மாமா கட்டாயம் சொல்வார். அது சாயத்தைக் கிளப்பும், இரும்பைத் துருவாக்கும், கையையும் சுடும். மணல்தாள், டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ் இரண்டும் எண்ணையே தின்றுவிடும். பழைய லோரிச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூளைச் சுவாசிக்கவும் கூடாது.

எண் தெரிந்ததும் தகட்டையும் சேசிஸையும் படம் எடுத்து, கிராண்ட்டை வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் தகட்டைத் தொடாமல், படங்களோடு நீங்களே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டருக்குப் போங்கள். காலையிலேயே போய் நம்பர் எடுங்கள், சாப்பாட்டையும் கட்டிக்கொள்ளுங்கள்.

பிரேக் எண்ணெய்ப் பஞ்சை வாசலில் எறியாமல் கட்டிக் குப்பையில் போடுங்கள். அது விஷம், வீட்டில் நாய், கோழி இருக்கும்.