மூன்று அதிகாரமா, மூன்று வசனமா?

கேள்வி: ஆண்டுதோறும் வேதாகமத்தை முழுவதும் வாசித்து முடிக்கிறேன். முன்கோபம் மட்டும் போகவில்லை. "இவ்வளவு வாசித்து என்ன பயன்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எங்கே தவறு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வீட்டில் கேட்பது நியாயம்தான். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வாரநாளில் 3, ஞாயிறன்று 5 என்று போனால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். எது எங்கே இருக்கிறது, எதற்குப் பின் எது வருகிறது என்பது அதில் பிடிபடும். அது வேண்டும், விடாதீர்கள். ஆனால் மூன்று அதிகாரத்தை ஓட்டி முடிப்பவரிடம் எந்த வசனமும் நின்று கேள்வி கேட்பதில்லை. அதற்குத் தனியாக 15 நிமிடம் ஒதுக்க வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் துறவி இரண்டாம் கீகோ இதை நான்கு படிகளாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், தேவ சமுகத்தில் அமைதி. கத்தோலிக்கத் துறவற இல்லங்களில் இன்றும் 'லெக்சியோ திவினா' என்ற பெயரில் இது நடக்கிறது. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபைக்காரரும் தாராளமாகச் செய்யலாம்.

உங்களுக்கு யாக்கோபு 1:19-21 போதும். மூன்றே வசனம். வாய்விட்டு, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை வாசியுங்கள். "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்று ஒரு வரிசை இருக்கிறது பாருங்கள். கோபம் கடைசியில்தான் வருகிறது. கேட்பதில் கோட்டை விட்டவர் கோபத்தில் மட்டும் ஜெயிக்க முடியாது. நேற்று யார் பேசும்போது பாதியில் வெட்டினீர்கள் என்று யோசியுங்கள். ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். அதை வைத்து ஜெபியுங்கள். வீட்டில் பேசுகிற தமிழிலேயே ஜெபிக்கலாம். கண்ணை மூடியதும் பிரசங்கத் தமிழுக்குத் தாவினால் உண்மையான விஷயம் நழுவிவிடும். பிறகு இரண்டு நிமிடம் எதுவும் கேட்காமல் சும்மா இருங்கள்.

எழுந்திருக்குமுன் நோட்டில் ஒரு வரி. 'கோபத்தைக் குறைப்பேன்' என்று எழுதிப் பிரயோஜனமில்லை. 'இன்று ராத்திரி மகன் மார்க் ஷீட்டைக் காட்டும்போது, அவன் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்' என்று ஆளும் நேரமும் வரும்படி எழுதுங்கள். படுக்குமுன் பக்கத்தில் 'செய்தேன்' அல்லது 'இல்லை', அவ்வளவுதான். அதே யாக்கோபு, "கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்" என்கிறாரே, அந்த 'செய்கிறவர்' பிறக்கும் இடம் இந்த ஒரு வரிதான்.

ஒரு வாரம் இதே மூன்று வசனம். மூன்றாம் நாளே சலிப்புத் தட்டும். பலரும் அங்கேதான் வேறு பகுதிக்கு ஓடுகிறார்கள். ஓடாதீர்கள். தெரிந்த வசனம்தானே என்ற மிதப்பு போன பிறகுதான் அது நம் பக்கம் திரும்பும். இன்னொரு எச்சரிக்கை: 'இந்த வசனம் மாமியாருக்கு அப்படியே பொருந்துகிறது' என்று தோன்றினால் மறுபடி முதலிலிருந்து வாசியுங்கள்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11. கர்த்தர் நம்மேல் வைத்திருப்பது தீமைக்கல்ல, "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற வசனம். இரண்டே மாதத்தில் வேலை போய்விட்டது. வாக்குத்தத்தம் பொய்யா?
– வாசகி, மதுரை

பதில்: அட்டையில் ஒரு வசனம்தான் அச்சிட முடியும். அது ஒரு கடிதத்தின் நடுவரி. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதியது. முந்திய வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பியே இருக்க மாட்டார்கள். சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று ஆசைகாட்டிய தீர்க்கதரிசிகளை எரேமியா அதே கடிதத்தில் கண்டிக்கிறார்.

அதுவரை என்ன செய்வதாம்? 5 முதல் 7 வரை வாசியுங்கள்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். ஆக, "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்பது கஷ்டமே வராது என்ற உத்தரவாதம் அல்ல. ஜனத்தைக் கர்த்தர் கைவிடவில்லை என்பதுதான் அதன் உறுதி. வேலை தேடுகிற இந்த நாட்களில் 11ஐ விட 5-7 உங்களுக்கு அதிகம் உதவும்.

எந்த அட்டை வசனத்துக்கும் முன்னும் பின்னும் பத்து வசனம் வாசிப்பதை வழக்கமாக்குங்கள். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பரீட்சை ஹாலுக்குள் போகிற பிள்ளைகள் அதற்கு முந்திய வசனமான பிலிப்பியர் 4:12ஐயும் பார்க்கட்டும். பவுல் அங்கே பசியையும் குறைவையும் தாங்குவதைப் பற்றிப் பேசுகிறார்.

கேள்வி: செல்போனில் வாசித்தால் போதுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பழைய திருப்புதல், 1995இல் வந்த திருவிவிலியம் என்ற இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்க செல்போன் வசதிதான். தியானத்துக்கு அச்சுப் புத்தகம். முடியாவிட்டால் ஏரோபிளேன் மோடு. வாட்ஸ்அப் சத்தம் ஒன்று போதும், எல்லாம் கலைந்துவிடும்.

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன். நாள் தவறிப்போனால் ஈடுகட்டவும் முடிவதில்லை.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: லேவியராகமத்துக்கு முன் ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. கணக்குப்படி ஜனவரி முடிவதற்குள் எல்லாருமே அங்கே வந்து முட்டுவார்கள். பலிகளின் விதிகளில் தொடங்காமல், 19ஆம் அதிகாரத்தை முதலில் வாசியுங்கள். அறுவடையில் வயலோரத்தை எளியவனுக்கு விடு, கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே, அளவிலும் நிறையிலும் ஏமாற்றாதே, உன்னைப்போல் பிறனை நேசி: பரிசுத்தம் என்றால் அந்தப் புத்தகத்தில் இதெல்லாம்தான். அடுத்து ரூத் 2ஐ வாசித்தால், அந்த வயலோரச் சட்டத்தால் ஒரு விதவை பிழைப்பதைப் பார்க்கலாம். அதன்பின் முதல் அதிகாரத்துக்கு வாருங்கள்.

தவறிய நாட்களை ஈடுகட்ட வேண்டாம். நான்கு நாள் பாக்கியென்றால் 12 அதிகாரம். அதை ஒரே மூச்சில் வாசித்தால் எதுவும் மனதில் நிற்காது, ஐந்தாம் நாள் புத்தகத்தைத் தொடவே பிடிக்காது. அட்டவணையில் தேதிகளை அடித்துவிட்டு 1, 2, 3 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். விட்ட எண்ணிலிருந்து தொடரலாம். டிசம்பருக்குப் பதில் மார்ச்சில் முடிந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.