எந்தக் கருங்காலி?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். கருங்காலிக் கட்டையை இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொடு என்று உறவினர் ஒருவர் ஒரு துண்டு தந்திருக்கிறார். நல்ல கறுப்பு. இரண்டு நாள் ஊறியும் தண்ணீர் நிறம் மாறவில்லை. கொடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்காதீர்கள். அது மருந்துக்கான கருங்காலி இல்லை என்றே நினைக்கிறேன்.

கருங்காலி என்று நாம் இரண்டு மரங்களைச் சொல்கிறோம். ஒன்று எபனி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மிக மெதுவாக வளரும் மரம். வைரம், அதாவது நடுக்கட்டை, மை போலக் கறுத்திருக்கும், தண்ணீரில் மூழ்கிவிடும். செதுக்கு வேலைக்குப் பெயர் போனது. அதன் தூள் பட்டாலே சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

சித்த மருந்துகளில் கருங்காலிப் பட்டை, கட்டை என்று வருவது பெரும்பாலும் மற்றது. வேல மரத்தின் உறவு, முள் உண்டு. வடமொழியில் கதிரம். இதன் வைரம் கருஞ்சிவப்பு. சீவலைக் கொதிக்கவைத்தால் தண்ணீர் சிவந்த பழுப்பாகும். கேரளத்து வீடுகளில் குடிக்கும் கரிங்காலி வெள்ளம் இதுதான். (அங்கே இளஞ்சிவப்பாக ஊற்றுவார்களே, அது பதிமுகம். வேறு மரம்.)

இந்தச் சீவலை நெடுநேரம் காய்ச்சிச் சுண்டவைத்து உறையவிட்டால் காசுக்கட்டி. வெற்றிலையோடு மெல்வார்களே, அதேதான். தேநீரில் இருக்கிறது என்று இன்று எல்லோரும் பேசும் கேட்டசின் என்ற பொருளுக்குப் பெயர் வந்ததே காசுக்கட்டியின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான். மருந்தாக வேலை செய்வது அதன் துவர்ப்பு. துவர்ப்பு திசுவைச் சுருக்கும், கசிவை நிறுத்தும். அதனால்தான் வாய்ப்புண்ணுக்கும் ஈறில் ரத்தம் கசிவதற்கும் கஷாயம் வைத்துக் கொப்பளிப்பதும், வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பதும். தோல் நோய்க்கு ஆயுர்வேதத்தில் கதிராரிஷ்டம் உண்டு. அதே துவர்ப்பு அளவு மீறினால் மலச்சிக்கல் வரும், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. வயதானவர்களுக்கு இரண்டுமே தொந்தரவு.

அப்புறம் சர்க்கரை. உங்கள் உறவினர் வேங்கை மரத்தை நினைத்துச் சொல்லியிருக்கலாம். இரவில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்கும் மரக்குவளை வேங்கையில் கடைந்தது. அந்தத் தண்ணீர் பழுப்பாகி, வெளிச்சத்தில் நீலச் சாயல் காட்டும். வேங்கையை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் செய்த ஆய்வு 1998இல் வெளியானது. பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது உண்மை. ஆனால் அவர்கள் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள். மருந்து கொடுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. பல வருட நோயாளியான உங்கள் அம்மாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மலிவு மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியும் கருங்காலி என்று விற்கிறார்கள். அதை ஊறவைத்துக் குடிப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அம்மாவின் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மூலிகை கொடுத்தே ஆகவேண்டும் என்றால், படித்த சித்த மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு போங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக் கூடாது. கட்டையையும் எடுத்துப் போங்கள், என்ன மரம் என்று அவர் பார்க்கட்டும்.