நீலக்கதிர் வெரோனிகா: வாங்குவதற்கு முன்னும் ஏமாந்த பின்னும்

கேள்வி: அண்ணா, ஆன்லைனில் வெரோனிகா என்று ஒரு செடி பார்த்தேன், கதிர் கதிராக நீலப்பூ. 'ஒருமுறை நட்டால் பல வருடம் பூக்கும், இந்தியா முழுவதும் வளரும்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு நாற்று 390 ரூபாய். எங்கள் மாடித்தோட்டத்தில் வருமா? (வாசகி, ஓசூர்)

பதில்: செடி நல்ல செடிதான், விளம்பரத்தில்தான் கோளாறு. ஸ்பீட்வெல் என்றும் சொல்லும் இந்த வெரோனிகா ஐரோப்பா, வட ஆசியாப் பக்கத்துக் குளிர்நாட்டுச் செடி. அங்கே பனிக்காலத்தில் மேல் தண்டு காய்ந்துவிடும், வேர் மட்டும் மண்ணுக்குள் உறங்கும், குளிர் விட்டதும் புதுத் தளிர் வரும். 'பல வருடம்' என்பது இந்தக் கணக்கை வைத்துச் சொல்வது. மைனஸ் 20 டிகிரியைக்கூடத் தாங்குகிற செடிக்கு நம் ஊர் ஏப்ரல், மே வெயிலும், அதன்பின் நாள்கணக்கில் ஈரம் காயாத மழைக்கால மண்ணும் ஒத்துக்கொள்வதில்லை, அடித்தண்டு அழுகிப் போய்விடும்.

ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உங்களுக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கும் இதே பதில்தான். அக்டோபரில் நாற்று வைத்து பிப்ரவரி, மார்ச் வரை பார்த்து ரசிக்கிற ஒரு பருவச் செடியாக நினைத்து வாங்கினால் வாங்குங்கள், பல வருடம் என்ற நம்பிக்கையில் 390 ரூபாய் போடாதீர்கள். ரகத்தின் பெயரையும் கேளுங்கள். 'சன்னி பார்டர் ப்ளூ' 1993-ல் அமெரிக்காவில் அந்த ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வான ரகம், புகழ் பெரிது, ஆனால் பல வாரம் கடுங்குளிர் பட்டால்தான் ஒழுங்காகப் பூக்கும். ஓசூர்க் குளிர் அதற்குப் போதாது, இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வெரோனிகாவிலேயே ஸ்பைக்கேட்டா என்கிற இனத்தில் விதையிலிருந்து வளர்த்த நீல நாற்று என்றால் பரவாயில்லை. பெயரே தெரியாமல் 'ப்ளூ வெரோனிகா' என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

தொட்டிக்கு வெறும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போடாதீர்கள், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்மண், மணல், மக்கிய எரு கலந்து, அடியில் ஓட்டை அடைபடாமல் பாருங்கள். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் நன்றாகப் படட்டும், மார்ச் பிறந்தால் மதியத்துக்கு நிழல் வலை கட்டுங்கள். காய்ந்த கதிரை இலைக் கணு வரைக்கும் வெட்டிவிட்டால் பக்கத்தில் புதுக்கதிர் விடும், இதைச் செய்யாமல் விட்டால் பூக்காலம் சீக்கிரம் முடிந்துவிடும்.

சரி, உங்களுக்கு வேண்டியது அந்த நீலக்கதிர்தான் என்றால் நர்சரியில் நீல சால்வியா கேளுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, விலையும் குறைவு. தர்மபுரி மாதிரி வெயில் ஊருக்கு ஏஞ்சலோனியா இன்னும் பொருத்தம், நீலம் கொஞ்சம் ஊதா கலந்திருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: 'ஸ்பீட்வெல்' நீலப்பூ விதை பாக்கெட் 180 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கி ஏப்ரலில் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. 'விதைக்கு ரிட்டர்ன் கிடையாது' என்று விற்றவர் கையை விரிக்கிறார். என்ன செய்யலாம்? (வாசகர், பாப்பாரப்பட்டி)

பதில்: தம்பி, முதலில் விற்றவர் என்ன சொல்லித் தப்பிப்பார் என்று பார்த்துவிடுவோம். இந்த விதை தூசி மாதிரி இருக்கும். மண்ணுக்குமேல் தூவி லேசாக அழுத்திவிட வேண்டும், மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். 18 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும். தர்மபுரி ஏப்ரலில் அந்த 24 டிகிரிக்கு எங்கே போவது? ஆக, விதை நன்றாக இருந்திருந்தாலும் முளைத்திருக்காது என்று அவர் வாதாடலாம்.

ஆனால் விற்பனைப் பக்கத்தில் 'எல்லாப் பருவத்திலும் விதைக்கலாம்' என்று போட்டிருந்தால் அந்த வாதம் அவருக்கே திரும்பும், தவறான விளம்பரமும் நுகர்வோர் சட்டப்படி புகாருக்கு உரியது. அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பில், பாக்கெட் இரண்டையும் தூக்கி எறியாதீர்கள். பாக்கெட்டில் முளைப்புத் திறன், சோதித்த தேதி, காலாவதி, லாட் எண், விற்பவரின் முழு முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லாத ஜிப் கவர் என்றால் அதுவே உங்கள் முதல் சாட்சி. இனிமேல் எந்த விதை வாங்கினாலும் முழுப் பாக்கெட்டையும் கொட்டாமல் பாதியை எடுத்து வையுங்கள், பிரச்சினை வந்தால் சோதனைக்குக் கொடுக்கப் பயன்படும்.

அப்புறம், வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் திட்டுவது புகார் ஆகாது. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். 180 ரூபாய் விவகாரத்துக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விதை வாங்கியவர் நுகர்வோரா என்ற சந்தேகமே வேண்டாம், விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: வெளிநாட்டுத் தளம் ஒன்றில் மின்னும் நீல வெரோனிகா விதை ரொம்ப மலிவு. வரவழைக்கலாமா? (வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: வேண்டாம். விதையை நாட்டுக்குள் கொண்டுவர 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், சில்லறை பார்சலில் இதெல்லாம் இருக்காது. கேட்காமலே வந்த மர்ம விதை பார்சல்களைப் பற்றி 2020-ல் மத்திய வேளாண் அமைச்சகமே எச்சரித்தது. அந்த மின்னும் நீலமும் கணினியில் ஏற்றியதாகத்தான் இருக்கும், நிஜப் பூவில் ஊதாச் சாயல் உண்டு.

கேள்வி: நர்சரியில் வாங்கிய வெரோனிகா இலையில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. பணம் திரும்பக் கேட்கலாமா? (வாசகர், தளி)

பதில்: வாங்கும்போதே பொடி இருந்து போட்டோவும் வைத்திருந்தால் கேளுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து வந்தது என்றால் அது சாம்பல் நோய், நர்சரியைக் குறை சொல்லிப் பயனில்லை. தொட்டிகளை நெருக்கி வைத்திருப்பீர்கள், காற்றோட்டம் கொடுங்கள். மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்காமல் காலையில் வேரில் ஊற்றுங்கள். பாதித்த இலைகளைக் கிள்ளிவிட்டு, நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து வெயில் ஏறுமுன் அடியுங்கள், உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.