பில் தொகை இரட்டிப்பாவது ஏன்? ரிப்போர்ட் குவெரி கேள்வி-பதில்

இந்த முறை கேள்வி அனுப்பியவர்களில் புரோகிராமர் என்று அநேகமாக யாரும் இல்லை. கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், மருத்துவமனை பில்லிங் கவுன்டர் என்று வேலை பார்த்துக்கொண்டே ரிப்போர்ட் மென்பொருள் கற்றுக்கொள்பவர்கள்தான் அதிகம். அதனால் கோட்பாட்டைக் குறைத்துக்கொண்டு, குவெரியில், அதாவது டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்வியில், எண் தப்பாக வரும் இடங்களுக்கு நேராகவே போகிறேன்.

மெட்டாபேஸ் என்ற ரிப்போர்ட் மென்பொருளில் இழுத்துப்போட்டே ரிப்போர்ட் எடுத்துவிடுகிறேன். எஸ்க்யூஎல் கற்றே ஆக வேண்டுமா? நான் பி.காம். படித்தவள், கோடிங் என்றாலே பயம்.

பயப்படவே வேண்டாம், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்பதற்கான எஸ்க்யூஎல் உங்களுக்காகவே பிறந்த மொழி. 1974-இல் ஐபிஎம்-மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இதை முதன்முதலில் விவரித்து எழுதிய கட்டுரையில், கம்ப்யூட்டர் நிபுணர் அல்லாத பயனாளர்களுக்கு உதாரணம் சொல்லும்போது கணக்காளர்களைத்தான் முதலில் குறிப்பிட்டார்கள். இழுத்துப்போட்டே தொடங்குங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மென்பொருள் உங்களுக்காக எழுதிய எஸ்க்யூஎல்லைத் திறந்து பாருங்கள். மெட்டாபேஸில் அதைக் காட்ட ஒரு பொத்தான் இருக்கிறது, கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் மென்பொருளில் டேட்டாபேஸ் மெனுவில் ‘ஷோ எஸ்க்யூஎல் குவெரி’, எக்ஸெலில் உள்ள பவர் குவெரியில் ஸ்டெப் மேல் ரைட் கிளிக் செய்தால் ‘வியூ நேட்டிவ் குவெரி’. எந்த ஃபில்டரைப் போட்டால் எந்த வரி மாறுகிறது என்று கொஞ்ச நாள் கவனித்தாலே ‘செலக்ட்’ (எந்த ஃபீல்டு), ‘ஃப்ரம்’ (எந்த டேபிள்), ‘வேர்’ (என்ன நிபந்தனை), ‘குரூப் பை’ (எதன்படி தொகுப்பது) நான்கும் பிடிபட்டுவிடும்.

பயிற்சிக்கு ஆபீஸ் டேட்டாவைத் தொடாதீர்கள். சினூக் என்ற மாதிரி டேட்டாபேஸ் எஸ்க்யூலைட் வடிவில் ஒரே ஃபைலாக இலவசமாகக் கிடைக்கிறது. இசை விற்கும் ஒரு கற்பனைக் கடையின் கணக்கு அது, 59 வாடிக்கையாளர்கள், 412 பில்கள். கையால் எண்ணிச் சரிபார்க்க முடிகிற அளவில் இருப்பதுதான் அதன் பெரிய வசதி.

ஜவுளி மொத்த வியாபாரம், ஈரோடு. பில் டேபிளோடு வரவு டேபிளை ஜாயின் செய்ததும் (பில் எண் வழியாக இணைத்ததும்) மொத்த விற்பனை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக் காட்டுகிறது. டேட்டாவில் டூப்ளிகேட் எதுவும் இல்லை, நன்றாகத் தேடிவிட்டேன்.

டேட்டா சரியாகத்தான் இருக்கும், கூட்டல்தான் தப்பான இடத்தில் நடக்கிறது. ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொகை 10,000 ரூபாய். வாடிக்கையாளர் முதலில் 6,000, பிறகு 4,000 என்று இரண்டு தவணையில் கட்டியிருக்கிறார். பில் டேபிளில் இது ஒரு ரெக்கார்டு, வரவு டேபிளில் இரண்டு. ஜாயின் செய்ததும் இரண்டு ரெக்கார்டு வரும், இரண்டிலும் பில் தொகை 10,000 என்றே நிற்கும். மென்பொருள் சொன்னபடி கூட்டுகிறது: 20,000. அதே பில்லில் மூன்று வகைத் துணி இருந்து, ஐட்டம் டேபிளையும் பக்கத்தில் ஜாயின் செய்தால் மூன்று பெருக்கல் இரண்டு, ஆறு ரெக்கார்டு, 60,000 ரூபாய். எல்லா பில்லும் இரண்டு தவணையில் கட்டப்பட்டிருக்காது என்பதால்தான் உங்களுக்குச் சரியாக இரண்டு மடங்காக வராமல் ‘கிட்டத்தட்ட’ இரண்டு மடங்காக வருகிறது.

இங்கே பலர், ஒரே மதிப்பு மறுபடி வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் ‘டிஸ்டிங்க்ட்’ போட்டுச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தொகையை டிஸ்டிங்க்ட் ஆக்கிக் கூட்டினால், ஒரே தொகைக்கு இரண்டு வெவ்வேறு பில் இருக்கும்போது அதில் ஒன்று காணாமல் போகும், அதை யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் ‘சப்ரஸ்’ செய்வதும் இதே கதைதான், ரெக்கார்டு கண்ணுக்கு மறையும், அடியில் இருக்கும் மொத்தத்தில் அப்படியே சேர்ந்திருக்கும்.

சரியான வழி: வரவு டேபிளை முதலில் பில் எண்படி குரூப் செய்து, ஒரு பில்லுக்கு ஒரே ரெக்கார்டு என்று சுருக்குங்கள். அதற்குப் பிறகு பில் டேபிளோடு ஜாயின் செய்யுங்கள். மெட்டாபேஸில் சுருக்கியதைத் தனிக் கேள்வியாகச் சேமித்துவிட்டு அதோடு ஜாயின் செய்யலாம், எஸ்க்யூஎல்லில் சப்குவெரி, அதாவது குவெரிக்குள் ஒரு குவெரி, எழுதலாம். எந்த டேபிளைச் சேர்க்கும்முன்பும் ‘இதில் ஒரு ரெக்கார்டு என்றால் என்ன? ஒரு பில்லா, பில்லில் ஓர் ஐட்டமா, ஒரு தவணையா?’ என்று கேட்டுப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜாயினுக்கு முன்னும் பின்னும் ரெக்கார்டு எண்ணிக்கையைப் பாருங்கள். கூடியிருந்தால், ஏன் கூடியது என்று தெரியும்வரை அடுத்த அடி வைக்காதீர்கள். ரிப்போர்ட் வேலையில் நான் பார்க்கும் தவறான மொத்தங்களில் பெரும்பகுதி இந்த ஒரே காரணத்தால் வருவது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த மாதம் எதுவுமே வாங்காத வாடிக்கையாளர் பட்டியல் வேண்டும். லெஃப்ட் ஜாயின்தான் போட்டேன், ஆனால் வாங்கியவர்கள் மட்டுமே வருகிறார்கள்.

லெஃப்ட் ஜாயின் பில் இல்லாத வாடிக்கையாளரையும் பட்டியலில் வைத்துக்கொள்ளும், ஆனால் மாதத்துக்கான நிபந்தனையை நீங்கள் ‘வேர்’ பகுதியில் போட்டிருப்பீர்கள். வாங்காதவருக்கு பில் தேதியே கிடையாது, அது வெற்று. வெற்றுத் தேதி எந்த மாதத்துக்குள்ளும் அடங்காது, எனவே நீங்கள் தேடுகிற ஆட்களே வடிகட்டப்பட்டுப் போகிறார்கள். தேதி நிபந்தனையை, டேபிள்கள் எதன்படி இணைகின்றன என்று சொல்லும் ஜாயினின் ‘ஆன்’ பகுதிக்கு மாற்றுங்கள், ‘வேர்’ பகுதியில் ‘பில் எண் வெற்றாக இருக்க வேண்டும்’ என்பதை மட்டும் வையுங்கள். இழுத்துப்போடும் மென்பொருள் என்றால், இந்த மாத பில்களை முதலில் தனியாக வடிகட்டிச் சேமித்துக்கொண்டு, வாடிக்கையாளர் டேபிளை அதோடு லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள்.

மொத்தம் 500 வாடிக்கையாளர்கள். சென்னை என்று ஃபில்டர் செய்தால் 180, சென்னை அல்லாதவர் என்றால் 290. மீதி 30 பேர் எங்கே?

அவர்களுக்கு ஊர் நிரப்பப்படவில்லை. வெற்றாக இருப்பது சென்னைக்குச் சமமா என்றாலும் தெரியாது, சமமில்லையா என்றாலும் தெரியாது என்பதுதான் டேட்டாபேஸின் கணக்கு. ‘ஆம்’ என்று உறுதியாகும் ரெக்கார்டுகளை மட்டுமே ஃபில்டர் உள்ளே விடும். ‘அல்லது ஊர் வெற்று’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை எடுக்கும்போதும் இதே கவனம் தேவை. ‘கவுன்ட்’ உள்ளே நட்சத்திரம் போட்டால் எல்லா ரெக்கார்டும் எண்ணப்படும், ஊர் ஃபீல்டைப் போட்டால் அது நிரம்பியவை மட்டும்.

மாதக் கடைசி நாள் விற்பனை மட்டும் ரிப்போர்ட்டில் குறைகிறது. மார்ச் 1-க்கும் 31-க்கும் ‘பிட்வீன்’ என்றுதான் கொடுக்கிறேன்.

உங்கள் ஃபீல்டில் தேதியோடு நேரமும் சேர்ந்திருக்கிறது. மார்ச் 31 என்று மட்டும் கொடுத்தால் அன்று நள்ளிரவு 12 மணி, அதாவது 31-ஆம் தேதி தொடங்கும் கணம் என்றே எடுத்துக்கொள்ளப்படும், அதற்குப் பிறகு நடந்த விற்பனை எதுவும் வராது. மார்ச் 1 அல்லது அதற்குப் பின், ஏப்ரல் 1-க்கு முன் என்று எழுதிப் பழகுங்கள். பிப்ரவரிக்கு 28-ஆ 29-ஆ என்ற யோசனையும் இதோடு ஒழிந்துவிடும்.

அப்புறம், இணையவழி விற்பனை மென்பொருள்கள் பலவும் நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமிக்கும். நம் நேரம் அதைவிட 5.30 மணி நேரம் முன்னால். அதிகாலை 5.30-க்கு முன் நடந்த விற்பனை முந்தைய நாளில் போய் உட்காரும், 1-ஆம் தேதி என்றால் முந்தைய மாதத்தில். இரவு நேர ஆர்டர் உள்ள உணவகங்களுக்கு இது சின்ன விஷயமே அல்ல. மெட்டாபேஸில் ரிப்போர்ட் டைம்சோன் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அட்மினைக் கேளுங்கள்.

ரிப்போர்ட் ஓட்டினால் பத்து நிமிடம் சுற்றுகிறது, அந்த நேரத்தில் பில்லிங்கும் தடுமாறுகிறது. திட்டு எனக்குத்தான்.

முதலில் ‘வேர்’ பகுதியைப் பாருங்கள். தேதி ஃபீல்டை ‘இயர்’ ஃபங்ஷனுக்குள் போட்டு 2024-க்குச் சமம் என்று எழுதியிருந்தால், பொதுவாக டேட்டாபேஸால் அந்த ஃபீல்டில் விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியாமல் போய் முழு டேபிளையும் படிக்கும். 2024-25 நிதியாண்டு வேண்டுமென்றால் 2024 ஏப்ரல் 1 முதல், 2025 ஏப்ரல் 1-க்கு முன் என்று ஃபீல்டை வெறுமையாகவே விட்டு எழுதுங்கள். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்றால் ஃபார்முலாவில் எழுதிய ஃபில்டர் எஸ்க்யூஎல்லாக மாறுகிறதா என்று பாருங்கள், மாறாவிட்டால் எல்லா ரெக்கார்டும் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகுதான் வடிகட்டல் நடக்கும்.

அதைவிட முக்கியம், ரிப்போர்ட்டுக்கு பில்லிங் நடக்கும் சர்வரைத் தொடாமல் ஒரு நகல் சர்வரை அமைத்துத் தரும்படியும், படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு லாகின் தரும்படியும் ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தமிழில் உள்ள பெயர்கள் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் ரிப்போர்ட்டில் கேள்விக்குறிகளாக வருகின்றன. சரியாகத் தெரியும் பெயர்களிலும் சிலதைத் தேடினால் கிடைப்பதில்லை.

இரண்டும் வேறு வேறு சிக்கல். கேள்விக்குறி வந்தால் ஃபீல்டு, தமிழ் எழுத்துகளையும் சேமிக்கக்கூடிய ‘என்வார்சார்’ வகையா என்று பாருங்கள், குவெரியில் தமிழ்ச் சொல்லை மேற்கோளுக்குள் எழுதும்போது அதன் முன்னால் ஆங்கில ‘என்’ எழுத்தையும் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டவை திரும்பி வராது, மறுபடி உள்ளிட வேண்டியதுதான்.

தேடல் கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஒகர, ஓகாரக் குறிகள். ‘கோமதி’யில் உள்ள ஓகாரக் குறியை, எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், நீளம் எடுத்தால் ஒன்று 5, மற்றது 6 என்று வரும். பல டேட்டாபேஸ் அமைப்புகளில் இவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒன்றுபோலத் தெரியும் பெயர்களின் நீளத்தை ஒரு குவெரியில் எடுத்து ஒப்பிட்டால், எவை இப்படி வேறுபடுகின்றன என்று தெரிந்துவிடும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து இதைச் சீராக்க ‘நார்மலைஸ்’ ஃபங்ஷன் இருக்கிறது. உங்கள் எஸ்க்யூஎல் சர்வரில் ‘ரீப்ளேஸ்’ கொண்டு இரட்டைக் குறியீட்டை ஒற்றையாக மாற்றலாம், ஆனால் அதை ரிப்போர்ட்டில் செய்யாமல் டேபிளிலேயே ஒருமுறை செய்துவிடச் சொல்லுங்கள், பேக்கப் எடுத்த பிறகு.